சிறு பிள்ளை விமானத்துக்கும் தீம் பார்க்குக்கும் தயாரா? திருகோணமலைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் நெருங்கும்போது திருகோணமலையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. லண்டனில் இருக்கும் சித்தி பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறார். சென்னையில் ஒரு கல்யாணம் வருகிறது. சிங்கப்பூர் போய்வந்த பக்கத்து வீட்டார் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் படங்களைக் காட்டுகிறார்கள். உடனே பெற்றோர் கேட்பது, "பிள்ளைக்கு எத்தனை வயதானால் கூட்டிக்கொண்டு போகலாம்?" என்பதுதான். வயது மட்டும் இதற்கு விடை தராது. மேலும், விமானப் பயணமும் தீம் பார்க்கும் ஒரே விடுமுறைக்குள் வருவதால் இரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

விமானப் பயணம் பெரும்பாலும் பெரியவர்களின் தேவைக்காக நடப்பது. அதன் சுமையில் பெரும்பங்கைப் பெரியவர்களே தாங்கிக்கொள்ள முடியும் என்பதால், உடல்நலம் சரியாக இருக்கும் கைக்குழந்தையையும் தக்க ஆயத்தத்துடன் கொண்டு போகலாம். தீம் பார்க் அப்படியல்ல. அது பிள்ளையின் மகிழ்ச்சிக்காகவே இருக்கும் இடம். பிள்ளை மகிழாவிட்டால் அங்கே போனதில் ஒரு பயனும் இல்லை. ஆகவே விமானத்துக்கு முன் "பிள்ளையின் உடல் தாங்குமா, நாங்கள் சமாளிப்போமா?" என்று கேட்க வேண்டும். பூங்காவுக்கு முன் "பிள்ளை இதை விரும்புகிறதா, போதும் என்றால் போதும் என்று சொல்லத் தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும்.

முதற்படி: பயணத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம், சிங்கப்பூருக்கு நான்கு மணித்தியாலம், லண்டனுக்கு நேரடி விமானமென்றால் பதினொரு மணித்தியாலம் அளவில் செல்லும். கொழும்பில் வசிப்பவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு போதும், எமக்குப் போதாது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கா ஏறத்தாழ 240 கிலோமீற்றர். பிள்ளையுடன் வாகனத்தில் போனால், பால் கொடுக்கவும் உடை மாற்றவும் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணித்தியாலம் ஆகிவிடும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே நிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கிய பின் குடிவரவு வரிசை, பயணப்பொதி எடுப்பது, தங்குமிடம் வரையான வாகனப் பயணம் எல்லாம் இருக்கின்றன. "ஒன்றரை மணித்தியாலப் பறப்பு" என்று நாம் சொல்வது பிள்ளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலப் பயணம். விமானத்தில் அழும் பிள்ளைகளில் பலர் விமானத்துக்காக அழுவதில்லை. ஏற்கெனவே களைத்துப் போன பின்புதான் ஏறுகிறார்கள்.

எனவே மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால், முதல் நாள் காலை உணவு முடித்துப் புறப்பட்டு, நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விமானம் ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து விமான நிலையம் மிகக் கிட்ட. ஓர் இரவு அறைச் செலவு கூடுதலாகத் தோன்றினாலும், முழு இரவு தூக்கம் முறிந்த குழந்தையுடன் குடிவரவு வரிசையில் நிற்பதைவிட அது மேலானது. இரவில் வாகனத்தில் புறப்பட்டால் பிள்ளை வழியில் தூங்கிவிடும் என்பது பலரின் எண்ணம். ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். சாரதியின் கண்ணும் களைத்திருக்கும். பிள்ளைக்குரிய இருக்கை பொருத்தப்படாத வாகனத்தில், மடியில் வைத்துக்கொண்டு அந்த வழியை இரவில் கடப்பதை இயன்றவரை தவிருங்கள்.

சென்னை செல்பவர்களுக்குப் பலாலி வழியும் உண்டு. ஹொரவப்பொத்தானை, வவுனியா ஊடாக யாழ்ப்பாணம் போகவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் செல்லும்; ஆனால் அங்கே உறவினர் வீடு இருந்தால் இடைத்தங்கல் இலகு. பலாலியில் பறப்பவை சிறிய புரொப்பெல்லர் விமானங்கள் என்பதால், உள்ளே இரைச்சலும் அதிர்வும் பெரிய விமானத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சத்தத்துக்கு மிரளும் பிள்ளையென்றால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் படி: கிளினிக் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்

திகதி முடிவு செய்யும் முன்பே பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையில் எடுங்கள். எமது தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 2, 4, 6 மாதங்களில் ஐந்துநோய்த் தடுப்பூசியும், 9 மாதத்தில் சின்னமுத்து அடங்கிய எம்எம்ஆர் ஊசியின் முதல் தவணையும், 12 மாதத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான ஊசியும், 3 வயதில் எம்எம்ஆர் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. பயணம் இந்தத் திகதிகளுக்குள் விழுந்தால், முன்கூட்டிப் போடலாமா, வந்த பின் போடலாமா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தையைச் சின்னமுத்து பரவும் நாட்டுக்குக் கொண்டு போவதென்றால் இந்தக் கேள்வி கட்டாயம் கேட்க வேண்டியது.

பிறந்து சில நாட்களான சிசுவையும் ஏற்றிக்கொள்ளும் விமான நிறுவனங்கள் உண்டு. விதி அனுமதிக்கிறது என்பதற்காக அது நல்லதென்று ஆகிவிடாது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் சிறு காய்ச்சலும் வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டிய விடயமாகிவிடும். தள்ளிப்போட முடிந்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நுரையீரல் அல்லது இருதயக் குறைபாடு உள்ள பிள்ளை, அண்மையில் காது வருத்தமோ சத்திரசிகிச்சையோ கண்ட பிள்ளை ஆகியோரைப் பொறுத்தவரை பிள்ளைநல வைத்திய நிபுணரின் எழுத்துமூல ஆலோசனை இல்லாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 1800 முதல் 2400 மீற்றர் உயர மலையில் இருப்பதைப் போன்றது. சுகமான பிள்ளைக்கு இதனால் கேடில்லை. ஏற்கெனவே ஒட்சிசன் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு வித்தியாசமும் பெரிதாகலாம்.

கடவுச்சீட்டு வேலையையும் இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். வீசா தேவைப்படும் நாடென்றால் குழந்தைக்கும் தனியே எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஊருக்குள்ளேயே ஒத்திகை பாருங்கள்

பிள்ளை தயாரா என்பதை வீட்டில் இருந்து ஊகிப்பதைவிட, ஊருக்குள் இருக்கும் சிறு பயணங்களில் கவனிப்பது நம்பகமானது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். ஏழு கிணறுகளையும் சுற்றும்போது வரிசையில் நிற்பது, ஈரத்துணி மாற்றுவது, புதிய இடத்தின் கழிப்பறையைப் பயன்படுத்துவது எல்லாம் ஒரே காலையில் தெரிந்துவிடும். பத்திரகாளி அம்பாள் ஆலயத் திருவிழாவில் தவிலும் மணியும் சேர்ந்து முழங்கும்போது பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு முகத்தைப் புதைக்கிறதா, கழுத்தை எட்டி நீட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். தீம் பார்க்கின் ஒலிபெருக்கிகளுக்கு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் வேறில்லை. கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகில் போகும்போது, உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் அணிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளை ஆசனப்பட்டியையும் ஏற்றுக்கொள்ளும்.

பயணத் தூக்கத்துக்கான ஒத்திகை, கொழும்புக்குப் போகும் இரவு ரயில். தன் படுக்கையும் தன் இருட்டும் இல்லாத இடத்தில் பிள்ளை எப்படித் தூங்குகிறது, இடையில் விழித்தால் எதைக் கேட்கிறது, மறுநாள் முகம் எப்படி இருக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் சத்தி எடுக்கும் பழக்கம் இரண்டு வயதுக்குள் அரிதாகவே இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் அது மிகக் கூடுதலாக வரும். ஆகவே, "சின்னதில் ஒன்றும் செய்யவில்லையே" என்று எண்ணி, பெரிய பிள்ளைக்குரிய ஆயத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

நகரில் கார்னிவல் வரும் நாட்கள் மிகவும் பயனுள்ளவை. அத்தகைய ஒரு மாலையில் மூன்று வயதளவான ஒரு சிறுமியைக் கண்டேன். குதிரை ராட்டினம் சுற்றத் தொடங்கியதும் அம்மாவின் சுடிதார் முனையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். தகப்பனார் டிக்கெட்டை வாங்கிவிட்டார். ஆனாலும் அவர் அவளைத் தூக்கி ஏற்றவில்லை, பக்கத்தில் குந்தியிருந்து, "எந்தக் குதிரை வடிவு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் அவள் வெள்ளைக் குதிரையை விரலால் காட்டினாள். நான்காவதில் தானாகவே கம்பியைப் பிடித்து ஏறினாள். பிள்ளை தயாராவது இப்படித்தான் வெளியில் தெரியும்: முதலில் ஒதுங்கிப் பார்க்கும், பிறகு சுட்டிக்காட்டும், பிறகே அணுகும். இந்த மூன்றுக்கும் நேரம் கொடுக்காமல் ஏற்றிவிட்டால், அழுகையோடு சேர்த்து அந்த இடத்தின் மேலும் வெறுப்பு வந்துவிடும்.

நான்காம் படி: வயதை இப்படி வாசியுங்கள்

மூன்று மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தையுடன் பறப்பது எளிது என்பதே பலரின் அனுபவம். பால் குடிக்கும், தூங்கும், மடியை விட்டு ஓடாது. எட்டு ஒன்பது மாதமளவில் அந்நிய முகங்களுக்கு அஞ்சத் தொடங்கும். நடக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டரை வயது வரையான காலம் விமானத்துக்கு மிகக் கடினமானது. கால் நடக்கத் துடிக்கும். காரணம் சொன்னால் விளங்கும் வயதோ வந்திருக்காது. நீண்ட பயணத்தைத் தெரிவு செய்யும் உரிமை உங்களிடம் இருந்தால், இந்த இடைவெளியைத் தவிர்த்துத் தெரிவு செய்யுங்கள். ஒன்றைக் கூடவே எண்ணிப் பார்க்க வேண்டும்: இரண்டு வயது நிரம்பும்வரை மடியில் வைத்துச் செல்லும் குழந்தைக்குச் சர்வதேசப் பறப்புகளில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தின் பத்து வீதமளவே அறவிடுவார்கள், அதன் பின் தனி ஆசனம் கட்டாயம். பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிரம்பினால் திரும்பும் பறப்புக்கு ஆசனம் எடுக்க வேண்டிவரும்.

பூங்காவுக்கு நான்கு வயதுக்குக் குறைவான பிள்ளையைக் கொண்டு போக அவசரப்பட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய தலையுடன் நடந்து வரும் பொம்மை உருவம் உள்ளே மனிதர் இருக்கும் வேடம் என்று தெரியாது. இருட்டுக் குகைக்குள் ஓடும் படகு திரும்பி வெளியே வரும் என்றும் தெரியாது. உண்மையையும் பாவனையையும் பிரித்தறியும் ஆற்றல் நான்கு, ஐந்து வயதளவிலேயே நிலைபெறுகிறது. "மூன்று வயதுக்குள் நுழைவு இலவசம்" என்ற ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் விதியையோ, நான்கு வயதிலிருந்தே கட்டணம் அறவிடும் சிங்கப்பூர் யூனிவர்சலின் விதியையோ பார்த்து, அதற்குள் போய்விட வேண்டும் என்று திட்டமிடுவது எதிர்மாறான கணக்கு. பணம் மிச்சமாகும், பிள்ளைக்கு நினைவில் ஒன்றும் மிஞ்சாது. மூத்த பிள்ளைக்காகப் போகும்போது இளையது கூட வருவது வேறு விடயம்.

ஐந்தாம் படி: உயரத்தை அளந்து, பிறகு பூங்காவைத் தெரிவு செய்யுங்கள்

ரைட்டுகளில், அதாவது பூங்காவின் விளையாட்டுச் சவாரிகளில், ஏற்றுவதற்கு வயதைவிட உயரத்தையே பார்க்கிறார்கள். மடிமேல் இறங்கிப் பூட்டும் இரும்புச் சட்டம் குறித்த அளவு உடலுக்கே இறுகும். சிறிய உடல் அதன் கீழாக வழுக்கிவிடும். சிங்கப்பூர் யூனிவர்சலில் மம்மி ரைட்டுக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும். டிரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102 சென்ரிமீற்றர் இருந்தால் பெரியவர் துணையுடன் ஏறலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளின்படி நடுத்தர உயரம் நான்கு வயதில் 103 சென்ரிமீற்றரளவு, ஐந்தில் 110, ஏழில் 121. பெரிய ரைட்டுகளுக்காகவே ஒரு பூங்காவைத் தெரிவு செய்தால், ஏழு வயதுக்கு முன் போகும் பிள்ளை பெரும்பாலான வாசல்களில் திருப்பி அனுப்பப்படும். வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் அளந்து, பூங்காவின் பட்டியலுடன் ஒப்பிட்டு, ஏறக்கூடியவை எவை என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள். தடித்த அடியுள்ள சப்பாத்தைப் போட்டு அளவைத் தாண்டச் செய்வது பிள்ளையின் உயிருடன் விளையாடுவது.

இருதய வருத்தம், வலிப்பு, அண்மைய எலும்பு முறிவு உள்ள பிள்ளைகளை வேக ரைட்டுகளில் ஏற்றக்கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருப்பதால், உலுக்கும் ரைட் எதற்கும் முன்பாக வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

முதல் பூங்காவுக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. பண்டாரகமவில் பேர்ள் பே, ஹங்வெல்லவில் லெஷர் வேர்ல்ட் ஆகியவை நாட்டுக்குள்ளேயே உள்ளன. அங்கே ஓர் அரை நாள் கழித்துப் பார்த்தால், பெரிய செலவுக்கு முன்பே பிள்ளையின் விருப்பு வெறுப்புத் தெரிந்துவிடும். நீர்ப்பூங்காவில் ஆழம் முழங்கால் அளவே என்றாலும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையிடமிருந்து ஒரு கையெட்டும் தூரத்துக்கு அப்பால் போகாதீர்கள். குழந்தை நீரில் மூழ்கும்போது சத்தம் எழுவதில்லை.

எந்த ஊர்ப் பூங்காவானாலும் திறக்கும் நேரத்துக்கே போங்கள். எமது கச்சான் காற்றுக்குப் பழகிய பிள்ளையும் சென்னையின் மே மாத வெயிலில் வாடிவிடும். பதினொரு மணிக்குமேல் நிழலுள்ள இடத்துக்குப் போவதோ அறைக்குத் திரும்புவதோ நல்லது. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பகல் தூக்கத்தோடு 11 முதல் 14 மணித்தியாலமும், மூன்று முதல் ஐந்து வயதில் 10 முதல் 13 மணித்தியாலமும் தூக்கம் தேவை. பகல் தூக்கத்தைப் பறித்துவிட்டு மாலை வாணவேடிக்கைக்காகக் காத்திருக்க வைத்தால், பிள்ளை அதற்கு முன்பே உடைந்துவிடும். காலையில் புறப்படும்போது அன்றைய உடையுடன் ஒரு படம் எடுத்து வையுங்கள். முன்கையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதுங்கள். தவறிப்போனால் சீருடை அணிந்தவரிடம் போய் நிற்கச் சொல்லுங்கள். மூத்தவரை மட்டும் ஏற்றும் ரைட்டென்றால், பெற்றோரில் ஒருவர் இளையதுடன் நின்று, மற்றவர் வந்ததும் மீண்டும் வரிசையில் நிற்காமல் மாறி ஏறும் வசதி டிஸ்னி, யூனிவர்சல் பூங்காக்களில் இருக்கிறது, வாசலில் கேளுங்கள்.

ஆறாம் படி: பறக்கும் நாள்

பிள்ளைகளின் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குறுகியது, கிடையானது. அதனால் அழுத்த மாற்றம் அவர்களுக்குச் சீக்கிரம் வலியாகும். வலி மிகுவது ஏறும்போதல்ல, இறங்கும்போது. தரையிறங்க அரை மணித்தியாலம் இருக்கும்போதே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடும்; அப்போது தூங்கும் குழந்தையை எழுப்பித் தாய்ப்பாலோ போத்தல் பாலோ கொடுங்கள். பெரிய பிள்ளையென்றால் தண்ணீரைச் சிறிது சிறிதாக விழுங்கச் செய்யுங்கள். ஏறிய கையோடு பால் முழுவதையும் கொடுத்துத் தீர்த்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் குழந்தை குடிக்காது.

தூக்கம் வரட்டும் என்று தடிமல் சிரப்பைக் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே பரவலாக உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சை அந்த மருந்துகள் பாதிக்கக்கூடும். சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பும் ஓயாத அழுகையும் வரும்.

பால்மாவை வேளைக்கு ஒன்றாக அளந்து சிறு டப்பாக்களில் கொண்டு போனால், விமானத்தில் வெந்நீர் மட்டும் கேட்டால் போதும். 100 மில்லிலீற்றர் திரவக் கட்டுப்பாட்டிலிருந்து குழந்தைப் பாலுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு; சோதனையில் கேட்குமுன் எடுத்துக் காட்டுங்கள். ஜீவனி பக்கெற், பரசிற்றமோல் சிரப், பம்பர்ஸ், பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கு ஒரு மாற்றுச் சட்டை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். நீண்ட பறப்புக்கான தொட்டில் முன்வரிசைகளில் மட்டுமே பொருத்தப்படும், நிறைக் கட்டுப்பாடும் உண்டு. பயணச்சீட்டு வாங்கும் நாளிலேயே கேளுங்கள். வசதி இருந்தால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தனி ஆசனமும் பொருத்தமான இருக்கையும் எடுப்பதே பாதுகாப்பு. விமானம் திடீரெனக் குலுங்கும்போது கையால் பிடித்து வைத்திருக்க முடியாது.

நேர வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நாள் என்ற அளவில் உடல் பழகும். ரொறொன்ரோ போய் இறங்கிய மறுநாளே பூங்காவுக்குப் போகும் திட்டம் வேண்டாம். முதல் வாரத்தை உறவினர் வீட்டுக்கே விட்டுவிடுங்கள்.

எப்போது தள்ளிப்போடுவது

காய்ச்சல், வயிற்றோட்டம், காதைப் பிடித்துக்கொண்டு அழுவது, இரவில் மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் புறப்படும் கிழமையில் இருந்தால், வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை பயணத்தை நிறுத்தி வையுங்கள். புதுத் தம்பி தங்கை பிறந்தது, முன்பள்ளி தொடங்கியது, பம்பர்ஸ் நிறுத்திப் பழக்குவது போன்ற மாற்றங்கள் நடக்கும் மாதத்தில் பூங்காத் திட்டத்தைச் சேர்க்காமல் விடுவது நல்லது. இந்த முடிவுகளை எடுப்பதில் பெற்றோரைத் தடுப்பவை பெரும்பாலும் கட்டிய பணமும் "எல்லாரும் காத்திருக்கினம்" என்ற உறவினர் வார்த்தையுமே. உறவினரிடம் "வைத்தியர் சொன்னால்தான் வருவோம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். பயணச்சீட்டு வாங்கும்போது திகதி மாற்றுவதற்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; இரண்டு சீட்டுகளுக்கிடையில் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், திகதி மாற்றக்கூடியதையே வாங்குங்கள்.